நூட்சனம்மா வீட்டு வாசல் மணி

— அசையாதீங்க! காலடியில பீங்கான் கிடக்கு. நான் கூட்டிடறேன்.

— போச்சா?

— போச்சு. மூணாவது கப்பு, நூட்சனம்மா.

— எண்ணாதேடா. எண்ணுறதுக்கா உன்னை வரச் சொன்னேன்?

— எண்ணணும்னு லிண்டால் சார்தானே சொன்னாரு? எத்தனை தடவை மணி அடிச்சோம், எத்தனை தடவை நடுங்கினீங்க, எல்லாம் நோட்டுல ஏறணும். சயின்ஸ் அம்மா, சயின்ஸ்!

— ஆமா, பெரிய சயின்ஸு. சைக்காலஜி வகுப்புல கடைசி பெஞ்சுல உக்காந்து என் நோட்டைப் பார்த்துக் காப்பி அடிக்கிற பயலுக்கு வாயைப் பாரு. போன டெஸ்டுல எனக்கு தொண்ணூத்தி நாலு. ஐம்பத்தாறு வயசுக் கிழவிக்கு! உனக்கு எவ்வளவு?

— அது எதுக்கு இப்ப?

— சொல்லுடா டுவேன்.

— அறுபத்தொண்ணு. ஆனா செய்முறையில பாருங்க, குபிச்செக் குடும்பத்துப் பையன் யாருன்னு காட்டறேன். பதினஞ்சு வருஷமா ஊமையாக் கிடந்த உங்க வீட்டு மணிக்கு ஒயர் மாத்தி வாய் கொடுத்தது யாரு?

— ஒயரை வெட்டிப் போட்டது நான். ஒட்டினது நீ. அது எலெக்ட்ரீஷியன் வேலை. சைக்காலஜி இல்லை.

— கவலையே வேண்டாம். இன்னும் பத்து நாள். நீங்க மணிச்சத்தம் கேட்டுக்கிட்டே காப்பி ஊத்துவீங்க, ஒரு சொட்டு சிந்தாது.

— நிஜமாச் சொல்லு. இது போகுமா?

— ஏன் போகாது? அந்த ரஷ்யாக்காரரோட நாயை எடுத்துக்கோங்க. மணி அடிச்சு மணி அடிச்சு இறைச்சி போட்டாரு. அப்புறம் வெறும் மணிக்கே எச்சில் ஊறிச்சு. சரி. அதே நாய்க்கு மணி மட்டும் அடிச்சு இறைச்சி போடாம விட்டா? அடிக்க அடிக்க எச்சில் குறையும். ஒரு நாள் நின்னுடும். உங்களுக்கும் அதேதான். மணி அடிக்கும், கெட்ட சேதி வராது. மணி அடிக்கும், நான்தான் நிப்பேன். பயம் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

— என்னை நாய்ங்கறே.

— மரியாதைக்குரிய நாய்.

— அடி வாங்குவே. பார்த்துக்கோ, எனக்கு டிசம்பர் ஒண்ணாம் தேதிக்குள்ள இது போயாகணும். பெண்கள் விடுதியில வார்டன் வேலை. டீன் மிஸ் ப்ரூவர் என்னைத்தான் நினைச்சு வச்சிருக்கா. ஆனா அந்த வேலையே கதவு திறக்கிறதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆச்சுன்னா நாப்பது பயலுக தலையைப் படிய வாரிக்கிட்டு வந்து மணியை அடிப்பானுங்க. மாடிக்கு ஆள் அனுப்பணும், பேர் எழுதிக்கணும், பத்து மணிக்குள்ள பொண்ணைக் கொண்டாந்து விடுடான்னு மிரட்டணும். ஒவ்வொருத்தனுக்கும் நான் இப்படிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னா?

— வேற வேலை பார்த்தா என்ன? நூலகத்துல கேக்கறாங்களே.

— நூலகத்துல சத்தம் இருக்காது. எனக்குச் சத்தம் வேணும்டா. எட்டு அறை இந்த வீட்டுல. என் வீட்டுக்காரர் ஓலாஃப் போனப்புறம் ரேடியோவைத் தவிர ஒருத்தரும் என்கிட்ட பேசறதில்லை. படிக்கட்டுல தடதடன்னு ஓடணும், குளியலறைக்குச் சண்டை போடணும், அந்த மாதிரி சத்தம். புரியுதா?

— புரியுது. அப்ப வெளியே போறேன். தயாரா இருங்க.

— இரு. கப்பை வச்சுட்டு வரேன்.

— வைக்காதீங்க! கையில இருக்கணும். அதுதான் சோதனை.

— இது ஓலாஃபோட அம்மா கொடுத்த கப்பு.

— அப்ப தகரக் குவளையை எடுங்க. சயின்ஸுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

* * *

— நூத்தி எண்பத்தி ரெண்டு! நடுங்கலை, சுவரைப் பிடிக்கலை, நிறம்கூட மாறலை. எழுதறேன். உள்ளே வரலாமா? மூக்கு உறைஞ்சு போச்சு.

— வா. கதவைச் சாத்து. அடுப்புல லெஃப்சா இருக்கு. வெண்ணெய் தடவிச் சர்க்கரை தூவிச் சுருட்டி வச்சிருக்கேன்.

— சும்மா சொல்லக்கூடாது, இந்த ரொட்டிக்காகவே பனியில நிக்கலாம். நேத்து ஏன் கொடுக்கலை?

— கொடுக்கத் தோணலை.

— முந்தாநாள் ஒண்ணுக்கு ரெண்டாக் கொடுத்தீங்க. அதுக்கு முந்தின நாள் எதுவும் இல்லை. நானும் தினம் ஓடி வரேன், இன்னைக்குக் கிடைக்குமா கிடைக்கு... இருங்க. இருங்க இருங்க.

— என்ன?

— எலி! போன வாரம் சார் காட்டின எலி! கம்பியை அழுத்தினா ஒவ்வொரு தடவையும் தீனி விழுந்தா, வயிறு நிறைஞ்சதும் போய்ப் படுத்துக்கும். எப்ப விழும்னு தெரியாம வச்சா விடாம அழுத்திக்கிட்டே இருக்கும். நீங்க என்னை... நூட்சனம்மா!

— தின்னுடா. ஆறிப் போகுது.

— ஒரு மனுஷனை இப்படிச் செய்யலாமா?

— பத்து நாளா ஒரு நாள்கூட மட்டம் போடாம வந்தியா இல்லையா? லிண்டால் சார் வகுப்புக்கே நீ அப்படி வந்ததில்லை. பார்த்துக்கோ, ரெண்டு பாடம். மணியைக் கேட்டு நான் நடுங்கறேனே, அது நான் செய்யறது இல்லை, என் மேல வந்து விழறது. நாய்ப் பாடம். நீ மணியை அடிக்கிறே பாரு, அது நீயா செய்யறது, கூலிக்காகச் செய்யறது. எலிப் பாடம். ஒரே மணி. இந்தப் பக்கம் நாய், அந்தப் பக்கம் எலி.

— இதை அப்படியே ரிப்போர்ட்டுல எழுதிடலாம். நான் எழுதறேன்.

— நீ எழுதினா எழுத்துப் பிழையா வரும். நான் எழுதிக்கிறேன்.

— எப்படியோ, வேலை முடிஞ்சுது. நூத்தி எண்பத்தி ரெண்டு மணி, இப்ப நடுக்கமே இல்லை. மிஸ் ப்ரூவர்கிட்ட போய் நெஞ்சை நிமித்திச் சொல்லுங்க...

— கூப்பாடு போடாதே. இன்னும் முடியலை.

— ஏன்?

— காலையில ஒருத்தன் வந்தான். பிரஷ் விக்கிறவன்.

— மணி அடிச்சானா?

— அடிச்சான்.

— சரி?

— சரி என்ன சரி! மாவு பிசைஞ்ச பாத்திரத்தோட தரையில உக்காந்துட்டேன். அவன் மூணு தடவை அடிச்சுப் பார்த்துட்டுப் போயிட்டான். அரை மணி நேரம் எழுந்திரிக்கலை. தலையெல்லாம் மாவு.

— ஐயோ. ஏன் சொல்லலை வந்ததும்?

— சொன்னா நீ லெஃப்சாவை நிம்மதியாத் தின்னிருப்பியா?

— ஆனா நூத்தி எண்பத்தி ரெண்டு தடவை...

— நீ எப்படி அடிக்கிறே? டிங் டிங். ரெண்டு குட்டி. எப்பவும் சாயங்காலம் நாலரை. எப்பவும் அடிக்கிறதுக்கு முன்னாடி படியில பூட்ஸை ரெண்டு தட்டு தட்டறே, பனி உதிர. எனக்கு மணி பழகலைடா. நீதான் பழகியிருக்கே.

— அடச்சே. இதையும் சார் சொன்னாரு. ஒரு ஸ்வரத்துக்குப் பழக்கின நாய் இன்னொரு ஸ்வரத்தைப் பிரிச்சுப் பார்த்துடும்னு.

— இன்னொரு தப்பும் பண்ணியிருக்கே. முதல் வாரம் நான் நடுங்கினப்பல்லாம் என்ன செஞ்சே?

— ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டேன். தண்ணி கொடுத்தேன்.

— நடுங்கினா ஒருத்தன் வந்து கையைப் பிடிக்கிறான். நடுங்காட்டி நோட்டுல ஒரு கோடு கிழிச்சுட்டுப் போறான். நீயே சொல்லு, எதுக்குக் கூலி கொடுத்தே?

— அது... மனுஷனாப் பொறந்தவன் பார்த்துக்கிட்டு நிக்க முடியுமா?

— நல்ல பையன்தான். சயின்ஸுக்கு ஆகமாட்டே.

— சரி. நாளையிலேருந்து நேரத்தை மாத்தறேன். காலையில வரேன், மத்தியானம் வரேன். பூட்ஸைத் தட்ட மாட்டேன். மூணு அடிக்கிறேன், அஞ்சு அடிக்கிறேன். நீங்க தண்ணிக்குக் கெஞ்சினாலும் வர மாட்டேன்.

— அது மட்டும் போதாது.

— வேற என்ன?

— நீ கேக்கவே இல்லை, அன்னைக்கு அந்த மணி எப்படி அடிச்சதுன்னு.

— கேக்கலாமான்னு தெரியலை.

— கேளு.

— எப்படி அடிச்சாங்க?

— குறுக்கே பேசாம இரு. சொல்றேன். ஐம்பத்தொண்ணு, அக்டோபர். சனிக்கிழமை. என் பிள்ளை ஆர்னே கொரியா சண்டைக்குப் போய் ஏழு மாசம். நான் பீட்ரூட் ஊறுகாய் போட்டுக்கிட்டிருந்தேன், அவனுக்குப் பிடிக்கும்னு. கை ரெண்டும் முழங்கை வரைக்கும் சிவப்பு. மணி அடிச்சது. பக்கத்து வீட்டு பெர்னிஸ்தான் ஜாடி கேட்டு வர்றாள்னு சிரிச்சுக்கிட்டே போய்த் திறந்தேன். தந்திக்காரன். தொப்பியைக் கழட்டிக் கையில வச்சிருந்தான். கையெழுத்துப் போடச் சொன்னான், போட்டேன். அந்தக் காகிதத்துல என் விரல் நாலும் சிவப்பா ஒட்டிக்கிச்சு. "மன்னிச்சுக்கோப்பா, அழுக்காக்கிட்டேன்"னு சொன்னேன் அவன்கிட்ட. பிரிச்சுப் படிக்கிறதுக்கு முன்னாடி நான் பேசின கடைசி வார்த்தை அதுதான்.

— நூட்சனம்மா.

— ஒரே தடவை அடிச்சான். நீளமா. விரலை எடுக்க மறந்துட்ட மாதிரி.

— ஒரே தடவை.

— நாய்க்கு முப்பது தடவை வேணும்னாரு லிண்டால் சார். எனக்கு ஒண்ணே போதுமா இருந்தது.

— அப்ப நான் அந்த மாதிரி...

— ஆமா. அதே மாதிரி அடிக்கணும்.

— என்னால முடியாது.

— கவலையே வேண்டாம்னு சொல்ற வாய் எங்கே போச்சு?

— சும்மா இருங்க. நான் வேற எதையும் செய்வேன். அந்த மணியை என் விரலால அடிச்சு, நீங்க கதவுக்கு உள்ளே...

— நீதான் அடிக்கணும். வேற யாரையும் நான் இதுக்குக் கூப்பிட மாட்டேன். எழுந்திரு, கோட்டைப் போடு.

— இப்பவேயா?

— பின்னே? இன்னொரு பிரஷ்காரன் வர்றதுக்குள்ள.

* * *

— அடிச்சுட்டேன்! கேட்டுச்சா?

— கேட்டுச்சு.

— எங்கே இருக்கீங்க?

— ஹால்லதான். நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். கால் வர மாட்டேங்குது.

— உள்ளே வரட்டுமா?

— வந்தே, கொன்னுடுவேன். திரும்ப அடி.

— நூட்சனம்மா, நாளைக்கு வச்சுக்கலாமே.

— அடிடா! நீளமா!

— அடிச்சாச்சு! இப்ப?

— ரெண்டு அடி வந்திருக்கேன். குடைத் தாங்கிகிட்ட நிக்கிறேன்.

— பேஷ்! அங்கேயே இருங்க. மூச்சு விடுங்க.

— மூச்சு விடத் தெரியும் எனக்கு. அடி.

— அடிக்கிறேன். இது மூணாவது.

— பேச்சை நிறுத்து. பேசினா நீதான்னு தெரிஞ்சுடுது. ஒரு வார்த்தை பேசாதே. போய் வேலி வரைக்கும் நடந்துட்டு, எப்ப வேணும்னாலும் திரும்பி வா. பூட்ஸைத் தட்டினே, அவ்வளவுதான்.

— சரி, போறேன்.

— மணி நீளமா அடிச்சுதே. வாப்பா. யாரு வேணும்?

— நீங்க... திறந்துட்டீங்க.

— யாரு வேணும்னு கேட்டேன்.

— நான்தான். டுவேன் குபிச்செக். பீட்ஸ் தெருவிலேருந்து. லெஃப்சா மிச்சம் இருக்குமான்னு கேக்க வந்தேன்.

— ஏன்டா அழறே?

— குளிரு. கண்ணுல பனி.

— உள்ளே வா. மூக்கைத் துடை. நோட்டுல எழுது, மணி நான்தான் அடிச்சேன், அழுததும் நான்தான்னு.

* * *

— முப்பத்தேழு! நேத்து விடுதியில ஒரே சாயங்காலத்துல முப்பத்தேழு மணி, டுவேன்! மிஸ் ப்ரூவர் மேசைக்குப் பின்னாடி உக்காந்து கண்ணாடி வழியாப் பார்த்துக்கிட்டே இருக்கா. நான் ஒவ்வொண்ணுக்கும் எழுந்து போய்த் திறக்கிறேன். ஒருத்தன் பூங்கொத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு வந்தான். ஒருத்தனுக்குப் பொண்ணோட பேரே மறந்து போச்சு, என்கிட்டயே கேக்கறான்!

— நீளமா எவனாவது அடிச்சானா?

— ரெண்டு பேர். ஒருத்தன் மணி மேல சாய்ஞ்சே நின்னான், கழுதை. "கையை எடுடா, அது உன் பாட்டன் வீட்டுச் சொத்தா"ன்னு ஒரு சத்தம் போட்டேன். மாடியில பொண்ணுங்க கை தட்டறாளுக!

— வேலை?

— ஒண்ணாம் தேதி சேரச் சொல்லிட்டா. கீழே எனக்குன்னு ரெண்டு அறை. வாசல் பக்கமே.

— சொன்னேனா இல்லையா? சும்மா சொல்லக்கூடாது, நம்ம ரெண்டு பேரும் சேர்ந்தா ரஷ்யாக்காரரே வந்து பாடம் கேக்கணும். லிண்டால் சார் என்ன சொன்னாரு ரிப்போர்ட்டைப் பார்த்து?

— முதல் மார்க். ரெண்டு பேருக்கும். "மிஸஸ் நூட்சன், நீங்க வகுப்பு எடுக்கலாம்"னாரு. உன்னைப் பத்தியும் கேட்டாரு. யாரு இவ்வளவு பொறுமையா நானூறு தடவை மணி அடிச்சதுன்னு.

— பொறுமையா? கூலிக்கு அடிச்சேன்.

— மத்தப் பாடமெல்லாம் எப்படி? போன வருஷ மார்க்கைப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற போர்டுக்காரங்க கேட்டு எழுதியிருந்தாங்கன்னியே.

— காலேஜ்லேருந்து அனுப்பிட்டாங்க. கணக்குலதான் கொஞ்சம் இடிக்குது. கவலையே வேண்டாம்.

— மார்க் குறைஞ்ச பையன்களை வியட்நாமுக்கு அள்ளிக்கிட்டுப் போறானுங்கடா. விளையாட்டு இல்லை.

— ஒரு பாடம் நூட்சனம்மா. ஒரே ஒரு பாடம். அதுக்காக ஒருத்தன் படிப்பை நிறுத்தவா போறாங்க? நீங்க பெட்டியைக் கட்டுங்க. தூக்க நான் வரேன்.

* * *

— யாருடா அது சமையக்கட்டுக் கதவுல? அடப்பாவி, நீயா! பூனை மாதிரி வந்து நிக்கிறே. பனியோட உள்ளே வராதே, உதறிட்டு வா.

— வந்துட்டேன்.

— நல்ல நேரத்துக்கு வந்தே. அந்தப் பெரிய பெட்டி மூட மாட்டேங்குது, மேல ஏறி உக்காரு. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வண்டி. மிஸ் ப்ரூவர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டா. ஏதோ ஒரு பொண்ணு சன்னல் வழியா இறங்கிப் போயிட்டாளாம், நான் வந்துதான் விசாரிக்கணுமாம். நான் இன்னும் சேரவே இல்லை!

— நீங்க கிளம்பறது நல்லதுதான்.

— மேசையில லெஃப்சா இருக்கு. இன்னைக்கு நிச்சயக் கூலி, தயங்காமத் தின்னு.

— அப்புறம் தின்னுக்கிறேன்.

— நீயா? லெஃப்சாவையா? உடம்புக்கு என்ன?

— ஒண்ணுமில்லை. நடந்தே வந்தேன். களைப்பு.

— கையைப் பாக்கெட்டிலேருந்து எடு.

— குளிருது.

— அடுப்பு பக்கத்துல நின்னுக்கிட்டு குளிருதா? முன்வாசல் படியில உன் பூட்ஸ் சத்தம் கேட்டுச்சு. கால் மணி நேரம் ஆச்சு. மணி அடிப்பேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அடிக்கலை. பின்பக்கமாச் சுத்தி வந்திருக்கே. ஏன்?

— சும்மாதான்.

— டுவேன்.

— காலையில லெட்டர் வந்தது. போர்டுலேருந்து. ஜனவரி ஒன்பது, பட்டாளத்துல சேர மினியாபொலிஸ்ல ஆஜராகணும்னு. அம்மா அப்பாவுக்கு இன்னும் சொல்லலை. கால் பாட்டுக்கு இங்கே கொண்டாந்து விட்டுடுச்சு. மணி மேல விரலைக்கூட வச்சுட்டேன். அப்பத்தான் நினைப்பு வந்தது. நானூத்திப் பதினாறு தடவை நல்லபடியா அடிச்சிருக்கோம். அத்தனையும் வெறும் மணி, சேதி இல்லாத மணி. இன்னைக்கு நான் இதைக் கையில வச்சுக்கிட்டு அடிச்சேன்னா, நாளைக்கு விடுதியில முதல் மணிக்கே நீங்க... எல்லாம் திரும்பி வந்துடும். ஒரு தடவை போதும் உங்களுக்கு. நீங்கதானே சொன்னீங்க.

— காட்டு அதை.

— வேண்டாம்.

— கொடுடா... ஜனவரி ஒன்பது. திங்கக்கிழமை.

— நூட்சனம்மா, சுவரைப் பிடிச்சுக்கோங்க. உக்காருங்க. தண்ணி கொண்டு வரேன்.

— தண்ணி வேண்டாம். கையைப் பிடிக்காதே. எனக்கு ஒண்ணும் இல்லை. கோபமா வருது, அவ்வளவுதான்.

— நான் போயிட்டு அப்புறம் வரேன். நீங்க பெட்டியைப் பாருங்க.

— இந்தா, லெட்டரை வாங்கிக்கோ. கோட்டுப் பொத்தானைப் போடு. சுத்திக்கிட்டு முன்வாசலுக்குப் போ. மணி அடி. நீளமா ஒண்ணு.

— வேண்டாம். கெஞ்சிக் கேக்கறேன். அத்தனை நாள் உழைப்பும் பாழாயிடும்.

— போடா. அன்னைக்கு வாசல்ல சேதி மட்டும்தான் நின்னுச்சு, பிள்ளை வரலை. இன்னைக்குப் பிள்ளையே வந்து நிக்கிறான், நான் கதவைத் திறக்க வேண்டாமா?